எச்சம் சொல்வதும் சொல்லாததும்

விலங்குகளின் எச்சத்தில் ஒட்டியிருக்கும் மரபணுவைக் கொண்டு, ஒரு நிலத்தில் எந்த உயிர் நடமாடுகிறது என்று அறியும் முறையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் ஒன்றாகத் தரப்படுகின்றன.

கேள்வி: ஆடு மேய்த்து வாழ்ந்த என் தாத்தா, புதரோரம் கிடக்கும் எச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது முயலுடையதா, காட்டுப்பன்றியுடையதா, நரியுடையதா என்று சொல்லிவிடுவார். இதற்குப் போய் ஆய்வகமும் மரபணுச் சோதனையும் எதற்கு? (ஒரு வாசகர், ஆண்டிபட்டி)

உங்கள் தாத்தாவின் கண்ணை நான் குறைத்து மதிக்கவே மாட்டேன். மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை, யானைக்கும் குதிரைக்கும் இலத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம் என்று நம் மொழியில் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. தரையைக் குனிந்து பார்த்து நடந்தவர்களால்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும். ஊனுண்ணிகளின் கழிவுக்கு இப்படியொரு தனிப்பெயர் பரவலாக வழங்காததால், எச்சம் என்ற சொல்லையே இங்கே பொதுச்சொல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கலும் அந்த ஊனுண்ணிகளிடம்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு ஊனுண்ணிகள் ஒரே இரையைத் தின்றால், இரண்டின் எச்சமும் மயிரும் எலும்புத் துணுக்குமாக ஒன்றுபோலவே கிடக்கும். பிரிட்டனில் பைன் மார்ட்டென் என்னும் மரமேறும் சிறு ஊனுண்ணி உண்டு. அதன் எச்சத்தையும் செந்நரியின் எச்சத்தையும் அனுபவம் மிக்க களப்பணியாளர்கள் பிரித்தறிவதை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு, பல ஆண்டு பழகிய கண்களும் நம்பத்தகுந்த அளவில் பிரிக்க முடியாமல் தடுமாறுவதைக் காட்டியது. மார்ட்டென் அங்கே அரிய விலங்கு, நரியோ எங்கும் திரிவது. எனவே நரியின் எச்சத்தை மார்ட்டெனுடையதாக எண்ணிவிட்டால், அரிய விலங்கு இல்லாத காட்டில் அது இருப்பதாக வரைபடம் வரைந்துவிடுவோம். ஆய்வகம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். எச்சம் எங்கே கிடக்கும் என்று தெரிந்து தேடிக் கண்டெடுக்க உங்கள் தாத்தாவைப் போன்றவர்களே இன்றும் வேண்டும்.

கேள்வி: செரித்துக் கழிந்த பொருளில் மரபணு எப்படி மிஞ்சுகிறது? அது தின்ற இரையின் மரபணுவாக இருக்காதா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

இரண்டும் இருக்கும். குடலின் உட்சுவரிலிருந்து செல்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. எச்சம் குடல் வழியே நகரும்போது அந்தச் செல்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. எனவே எச்சத்தின் வெளித்தோலைச் சுரண்டி எடுத்தால் கழித்த விலங்கின் மரபணு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரையின் மரபணு எச்சம் முழுவதும் கலந்திருக்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் மரபணுவும் கூடவே இருக்கும்.

கழித்த விலங்கின் மரபணுவோ சிறிதளவே, அதுவும் வெயிலாலும் மழையாலும் நுண்ணுயிர்களாலும் நொறுங்கிச் சிறு துண்டுகளாகிக் கிடக்கும். அதனால் பெரும்பாலும், செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவின் மரபணுவையே தேடுகிறார்கள். செல்லின் கருவில் இருக்கும் மரபணு ஒரு செல்லுக்கு இரண்டு பிரதிதான். மைட்டோகாண்டிரியாவின் மரபணுவோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருப்பதால், எத்தனை பிரதிகள் அழிந்தாலும் ஏதோ ஒன்று தப்பியிருக்கும். அப்படித் தப்பிய துண்டைப் பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்த சோதனையின் அடிப்படையும் இதே பெருக்கம்தான். குறிப்பிட்ட விலங்கின் மரபணுவோடு மட்டும் ஒட்டும்படி வடிவமைத்த பிரைமர் என்ற சிறு துண்டுகளைச் சேர்த்தால், அந்த விலங்கின் மரபணு இருந்தால் மட்டும் பெருக்கம் நடக்கும்.

எச்சத்திலிருந்து இப்படி மரபணுவைப் பெருக்கிக் காட்டிய முதல் அறிக்கைகளுள் ஒன்று 1992இல் வெளியானது. ஐரோப்பியப் பழுப்புக் கரடிகளின் எச்சத்தை ஆராய்ந்த அந்தக் குழுவில் ஸ்வாந்தே பாபோவும் இருந்தார். அழிந்துபோன மனித இனங்களின் மரபணுவைப் படித்ததற்காக 2022இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சிதைந்த மரபணுவிலிருந்து செய்தி எடுப்பது என்ற வகையில் பழைய எலும்பும் கரடியின் எச்சமும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் எச்சத்தை வைத்து நரியைத் தேடினார்கள் என்று ஒரு வரிச் செய்தி படித்தேன். ஒரு நரிக்காக ஒரு மாநிலமே ஏன் அத்தனை பாடுபட வேண்டும்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பக்கத்தில் நரி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது ஆங்கிலத்தில் ஜாக்கல் எனப்படும் விலங்கு. நான் இங்கே சொல்வது ஐரோப்பாவிலிருந்து போன செந்நரி. குதிரையேறி வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயக் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் அதை ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அது வெப்பமண்டல வடக்கைத் தவிர ஏறத்தாழ முழுக் கண்டத்திலும் பரவியது. ஆஸ்திரேலியாவின் பாலூட்டிகளோ நரியையும் பூனையையும் அறியாமல் வளர்ந்தவை. 35 கிராமிலிருந்து ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள உள்நாட்டுப் பாலூட்டிகளே அங்கே மிக அதிகமாக அழிந்திருக்கின்றன என்று சூழலியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். நரிக்கு வாகான இரையின் அளவும் அதற்குள்தான் அடங்கும். ஐரோப்பியர் குடியேறிய பின் அந்த நாடு முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்துவிட்டது.

பாஸ் நீரிணைக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாவில் மட்டும் நரி காலூன்றவில்லை. அதனால்தான் பெருநிலத்தில் மறைந்துபோன கிழக்குக் குவால் என்ற சிறு ஊனுண்ணியும், பெட்டாங் என்ற சிறு கங்காரு வகையும், டாஸ்மேனியப் பேடிமெலான் என்ற இன்னொரு சிறு கங்காரு வகையும் அங்கே இன்றும் உயிரோடிருக்கின்றன. அந்தத் தீவு ஒருமுறை பெரிய இழப்பையும் கண்டிருக்கிறது. டாஸ்மேனியப் புலி என்று பெயர் பெற்ற தைலசீனின் கடைசி விலங்கு 1936இல் ஹோபார்ட் விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. அந்த நினைவு மறையாத ஊரில் நரி வந்துவிட்டது என்ற செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1998இல் பர்னி துறைமுகத்தில் சரக்குக் கப்பலிலிருந்து ஒரு நரி இறங்கி ஓடியதாகத் தகவல் வந்தது. 2001இல், யாரோ நரிக்குட்டிகளைக் கொண்டுவந்து வேண்டுமென்றே விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காவல்துறை விசாரித்தும் அதை உறுதிப்படுத்தும் சான்று கிடைக்கவில்லை. அதன் பிறகு நரியைக் கண்டதாக மக்கள் தந்த தகவல்கள் குவிந்தன, ஒரு சில நரி உடல்களும் கிடைத்தன. இதே காலத்தில்தான் டாஸ்மேனியன் டெவில் என்ற உள்நாட்டு ஊனுண்ணியை முகத்தில் வரும் தொற்றுப் புற்றுநோய் ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. 1996இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோயால் டெவில்கள் பெருமளவு குறைந்தன; அவை காலிசெய்த இடத்தில் நரி எளிதாக நுழைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே.

இரவில் நடமாடும், எண்ணிக்கையில் மிகக் குறைந்த, மனிதரைக் கண்டால் ஒளியும் ஒரு விலங்கை 60,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த தீவில் நேரில் காண்பது அரிது. எச்சம் அப்படியல்ல, விலங்கு ஒளிந்துகொண்டாலும் அது தடத்தில் கிடக்கும். ஆகவே தன்னார்வலர்களும் பயிற்சி பெற்ற நாய்களும் தீவெங்கும் ஊனுண்ணிகளின் எச்சத்தைத் தேடிச் சேகரிக்க, கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நரிக்கு மட்டும் உரிய மைட்டோகாண்டிரியாத் துண்டைத் தேடும் சோதனையை உருவாக்கி அவற்றை ஆராய்ந்தார்கள். 2013இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: சோதித்த எச்சங்கள் 9,940, அவற்றுள் நரியின் மரபணு இருந்தவை 61.

கேள்வி: நரி ஒழிப்புத் திட்டத்தைப் பற்றிய இன்னொரு கட்டுரையில், 61 எச்சம் கிடைத்தும் உயிருள்ள ஒரு நரியைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. மரபணு பொய் சொல்லுமா? (ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. மரபணு பொய் சொல்லாது. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொன்னதாக நாமே எடுத்துக்கொள்வதுண்டு. சோதனைக்குழாய்க்குள் நரியின் மரபணு இருந்தது என்பது மட்டுமே அந்த முடிவு சொல்லும் செய்தி. அது அந்தக் குழாய்க்குள் எப்படி வந்தது என்பதை மரபணு சொல்லாது.

எத்தனை வழிகளில் வரலாம் என்று பாருங்கள். நரி அங்கேயே வாழ்ந்து கழித்திருக்கலாம். இறந்த நரியைத் தின்ற வேறொரு விலங்கின் எச்சமாக இருக்கலாம். பெருநிலத்திலிருந்து வந்த வண்டியிலோ பொருளிலோ ஒட்டிக்கொண்டு எச்சமே கடல் கடந்திருக்கலாம். யாராவது வேண்டுமென்றேகூட அதைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். களத்திலோ ஆய்வகத்திலோ வேறொரு மாதிரியின் துகள் கலந்திருக்கலாம். பி.சி.ஆர். ஒரு சில மூலக்கூறுகளைக் கோடிக்கணக்காகப் பெருக்கும் ஆற்றல் உடையது என்பதால்தான் எச்சத்தில் அது பயன்படுகிறது. அதே ஆற்றலால்தான் கையுறையில் ஒட்டிய தூசியும் அதற்குப் போதுமானதாகிறது. பெருகிய துண்டின் எழுத்து வரிசையைப் படித்துச் சரிபார்த்தால், வேறொரு விலங்கின் மரபணுவை நரியுடையதாகத் தவறாக எண்ணும் பிழை நீங்கும். கலப்பினால் வந்தது உண்மையான நரியின் மரபணுவாகவே இருக்குமாதலால், அந்தப் பிழை வரிசையைப் படித்தாலும் நீங்காது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆயிரம் மாதிரிகளில் ஐந்தில் மட்டும் தவறும் ஒரு சோதனை இருப்பதாக எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு தொண்ணூற்றொன்பதரை சரியாகச் சொல்லும் சோதனையை யாரும் குறை சொல்லமாட்டார்கள். நரியே இல்லாத தீவில் 10,000 எச்சங்களை அதில் சோதித்தால், ஏறத்தாழ 50 எச்சங்களில் நரி இருப்பதாக அது சொல்லும். டாஸ்மேனியாவில் கிடைத்த விகிதமோ 9,940க்கு 61, அதாவது நூற்றுக்கு 0.6 தான். அந்தச் சோதனை அப்படித் தவறியது என்று நான் சொல்லவில்லை. தேடும் பொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சோதனையின் சிறு பிழையும் பெரிதாகிறது என்பதையும், பிழை விகிதம் ஆயிரத்தில் ஒன்றா, பத்தாயிரத்தில் ஒன்றா என்று தனியே அளந்து நிறுவாமல் 61 என்ற எண்ணை எந்தப் பக்கமும் முடிவாகப் படிக்க முடியாது என்பதையும் சொல்கிறேன். கான்பெரா குழு நரி தீவில் பரவலாக இருப்பதாக எழுத, வேறு ஆய்வாளர்கள் சோதனையின் பிழை வாய்ப்பையும் மாதிரிகள் வந்த வழியையும் கேள்விக்குட்படுத்தி எழுதினார்கள். ஆய்விதழ்களில் தொடங்கிய அந்த வாதம் பின்னர் அரசியல் மேடைக்கும் ஏறியது.

இதை வெறும் அறிவுலக விவாதமாக நான் பார்க்கவில்லை. சான்று கிடைத்த இடங்களைச் சுற்றி 1080 என்ற நஞ்சு கலந்த இறைச்சி இரை வைக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே உள்ள நஞ்சு அது. அங்குள்ள விலங்குகள் அதைத் தாங்கப் பழகியவை, டாஸ்மேனியாவின் குவாலுக்கும் டெவிலுக்கும் அந்த அளவு தாங்குதிறன் இல்லை. அவை எடுத்துவிடக் கூடாதென்றுதான் இரையை மண்ணுக்குள் புதைத்தார்கள். ஆகவே பிழையான 'ஆம்' என்பதற்கு உள்நாட்டு விலங்குகள் விலை கொடுக்க நேரலாம். பிழையான 'இல்லை' என்பதற்கோ அந்தத் தீவின் சிறு பாலூட்டிகள் எல்லாமே விலை கொடுக்க நேரும். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த 61ஐப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டேன். தேடுதலைத் தீவிரப்படுத்துவது சரியே. ஆனால் ஒவ்வொரு எச்சத்தையும் பாதியாகப் பிரித்து, ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பும் வழக்கம் முதல் நாளிலேயே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2011க்குப் பிறகு புதிய சான்று எதுவும் உறுதிப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒழிப்புத் திட்டம் கண்காணிப்பாகச் சுருக்கப்பட்டது. வந்த சில நரிகள் ஒழிந்தனவா, அவை அங்கே நிலைகொள்ளவே இல்லையா என்பதை எச்சம் ஒன்றை மட்டும் கொண்டு தீர்க்க முடியாது.

கேள்வி: தானியங்கிக் கேமரா இருக்கும்போது எச்சம் எதற்கு? (ஒரு வாசகர், கோவை)

இரண்டும் ஒன்றையொன்று சோதிக்கும் என்பதற்காகவே இரண்டும் வேண்டும். முதுமலையை ஒட்டியுள்ள பந்திப்பூரில் புலிகளின் எண்ணிக்கையை இரு வழிகளிலும் மதிப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல்வரிகளைக் கொண்டு புலியைப் பிரித்தறியும் கேமரா முறையும், எச்சத்தின் மரபணுவைக் கொண்டு தனிப் புலியை அடையாளம் காணும் முறையும் ஏறத்தாழ 66 என்ற ஒரே மதிப்பீட்டைத் தந்தன.

இனத்தைக் கண்டறிவதைவிடத் தனி விலங்கைக் கண்டறிவது கடினம். அதற்குச் செல்கருவின் மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் பல இடங்களைப் படிக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் இரண்டுமே படிக்கக் கிடைக்க வேண்டிய இடத்தில், சிதைந்த எச்சத்தில் ஒன்று மட்டும் பெருகி மற்றது விடுபட்டுப்போவதுண்டு. அப்படி நேர்ந்தால் ஒரே புலி இரண்டு புலிகளாகத் தெரியும். காட்டில் இல்லாத புலி கணக்கில் ஏறிவிடும். ஒரே மாதிரியைப் பலமுறை சோதித்து, முடிவுகள் ஒத்துவந்தால் மட்டுமே ஏற்பது இதற்காகத்தான்.

வரியோ புள்ளியோ இல்லாத விலங்குகளைக் கேமராவில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தறிய முடியாது என்பதால், செந்நாய் போன்றவற்றுக்கு எச்சமே மேலான வழி.

கேள்வி: நமக்கு நன்மை செய்யும் கீரியை ஜப்பானில் ஒழித்தார்களாமே, உண்மையா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

உண்மை. அது நம் ஊர்க் கீரியின் நெருங்கிய உறவான சிறிய கீரி. ஹபு என்ற நச்சுப் பாம்பை ஒழிப்பதற்காக 1910இல் ஒகினாவாவிலும், 1979இல் சுமார் 30 கீரிகளாக அமாமித் தீவிலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். பாம்பு இரவில் உலாவுவது, கீரியோ பகலில் வேட்டையாடுவது. ஆகவே பாம்பை விட்டுவிட்டு, உலகில் வேறெங்கும் பெரிதாகக் காணமுடியாத அமாமி முயலையும் மற்ற சிறு உயிர்களையும் கீரிகள் தின்றன.

அமாமியில் பொறிகளை வைத்தும், கீரியின் வாடையையும் எச்சத்தையும் மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கொண்டும் தேடினார்கள். கடைசிக் கீரி 2018 ஏப்ரலில் பிடிபட்டது. ஆனால் ஒழிந்துவிட்டது என்று அரசு அறிவித்தது 2024 செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்கு மேல் எதையும் காணாமலேயே தேடிக்கொண்டிருந்த அந்தப் பொறுமையை நான் மனதார வணங்குகிறேன். இருப்பதை ஒரு சான்று நிறுவிவிடும். இல்லாததை நிறுவ, தேடிய நாளும் தேடிய இடமும் தேடியவரின் திறமையும் சேர்ந்து போதிய அளவு குவிய வேண்டும்.

கேள்வி: முதுநிலை விலங்கியல் படிக்கிறேன். எங்கள் ஊரை ஒட்டிய தரிசு நிலங்களில் எச்சம் சேகரித்து ஆய்வு செய்ய விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (ஒரு மாணவர், அரியலூர்)

காப்புக்காடோ சரணாலயமோ என்றால் வனத்துறையின் அனுமதி பெறாமல் காலடி வைக்காதீர்கள். நாய், நரி இனங்களின் எச்சத்தில் மனிதருக்குக் கட்டிநோய் தரும் நாடாப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். ஆகவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ஒவ்வொரு எச்சத்துக்கும் புதிய கையுறை வேண்டும். இயன்றவரை புதிய எச்சத்தையே எடுங்கள். வெயிலில் வெளிறி உதிர்ந்ததில் மரபணு மிஞ்சியிருக்கும் வாய்ப்புக் குறைவு. எடுத்ததும் செறிந்த எத்தனாலிலோ, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடோ மூடிவைத்து, விரைவில் உறைகுளிர்ப் பெட்டிக்குக் கொண்டுசேருங்கள். முழுவதையும் எடுத்துவிடாமல் ஒரு பகுதியை அங்கேயே விடுங்கள். பல விலங்குகளுக்கு எச்சம் எல்லைக் குறியாகவும் பயன்படுகிறது.

நாளும் நேரமும் இடமும் மட்டுமல்லாமல், யார் எடுத்தார், யார் கையில் எப்போது மாறியது, எந்தப் பெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் ஒரே நோட்டில் மையால் எழுதிவாருங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் தனியே பாதுகாத்து வையுங்கள். அனுப்பும் தொகுப்பில், உங்கள் தெருவில் நீங்கள் நன்கறிந்த நாயின் எச்சத்தில் சிறிதை வேறு எண்ணிட்டு, வெறும் எத்தனால் மட்டும் நிரப்பிய குழாய் ஒன்றோடு சேர்த்து அனுப்புங்கள். அவை இன்னவை என்பதை ஆய்வகத்தாரிடம் சொல்லாதீர்கள். முதலாவது நாய் என்றும் இரண்டாவது ஒன்றுமில்லை என்றும் திரும்பி வந்த பிறகு, மற்ற எண்களின் முடிவுகளைப் படிக்கத் தொடங்குங்கள்.